சம்பந்தி வீட்டு நிழல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு துணிக்கொடியிலிருந்து கிடைத்தது. என் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. எழுத வராத நேரங்களில் (அதாவது பெரும்பாலான நேரங்களில்) எதிர்வரிசை மொட்டைமாடி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒருவர் துணி உலர்த்துவார். கோடையில் மாடியின் ஓரத்தில் கட்டியிருந்த கொடியைக் குளிர் தொடங்கியதும் அவிழ்த்துக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டை நிமிர்ந்து பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். அந்த முறைப்புக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்ததில் மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. அவருக்கு மகள் இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. இதை அவர் படிக்க நேர்ந்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பூமி ஏறக்குறைய இருபத்து மூன்றரை பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி—" இது பாடப்புத்தகம். நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

"அந்த மாடிக்குள் நிழல் ஒரு திருடனைப் போலப் பதுங்கிப் பதுங்கி—" பொய். நிழல் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தது.

"சம்பந்திகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை." இது தேவலை. இதைக் கேட்டால் யாராக இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். இங்கிருந்தே போவோம்.

2

சம்பந்திகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. இத்தனைக்கும் அடுத்தடுத்த வீடு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

ஒருவர் சலவைக்கடைக்காரர். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவரிடம்தான் வெளுக்க வரும். கீழே தண்ணீர்த் தொட்டிகள், இஸ்திரி மேசை. மேலே மொட்டைமாடி முழுக்கக் கொடிகள். துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கச் சொன்னவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "மெஷின்ல காஞ்ச துணிக்கு வாசனை உண்டா?" வெயிலில் காய்ந்த விரிப்பை முகத்தோடு சேர்த்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். கோபம் பொசுக்கென்று வரும். போவதற்குத்தான் நாளாகும்.

மற்றவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. தான் தைத்த சட்டை ஒன்றுகூடப் பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததில்லை என்பது அவர் பெருமை. அதிகம் பேச மாட்டார். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருப்பது அதற்கு ஒரு காரணம்.

சலவைக்கடைக்காரரின் மகள் தையல்காரரின் மகனைக் கட்டிக்கொண்டாள். கதை முழுவதும் இவளை மருமகள் என்றே சொல்லப்போகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணமானதும் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் குடிபோனவள். "எவ்வளவு தூரத்துல குடுத்திருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் அவள் அப்பா கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை நீட்டலில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

[மகன் எங்கே என்று கேட்பீர்கள். லிப்ட் பழுது பார்ப்பவன். அவனைக் கதைக்குள் கொண்டுவர இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் "பெரியவங்க விஷயம், நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். போகட்டும், நல்ல பிள்ளை.]

[இரண்டு அம்மாக்களும் இருக்கிறார்கள். சண்டை நடந்த அத்தனை மாதமும் அவர்கள் கைப்பிடிச் சுவருக்கு மேலாகப் பாத்திரமும் பேச்சும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை உள்ளே விட்டால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே வெளியே நிறுத்தியிருக்கிறேன்.]

3

கல்யாணத்துக்கு முன்னால் தையல்காரர் புதுத் தம்பதிக்காகத் தன் மொட்டைமாடியில் ஓர் அறை கட்ட நினைத்தார். செங்கல் இறக்கும் முன் பக்கத்து வீட்டுப் படியேறினார்.

"சம்பந்தி, மாடியில ஒரு ரூம் எழுப்பலாம்னு இருக்கேன். உங்க வெயிலை மறைச்சிடக் கூடாது. ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க."

"உங்க மாடி, நீங்க கட்டிக்குங்க. இதைப் போய் என்கிட்ட கேக்குறீங்களே!"

"அப்படி இல்லீங்க. வெயில் உங்க தொழிலாச்சே."

நல்ல கோடை. உச்சிப்பொழுது. தையல்காரர் அறையின் உயரத்துக்கு ஒரு மூங்கிலை நாடாவால் அளந்து வெட்டினார். தன் மாடியின் ஓரத்தில் அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மூங்கிலின் நிழல் நடுவிலிருந்த சந்தைத் தாண்டி, சலவைக்கடை மாடியின் கைப்பிடிச் சுவருக்குச் சற்றே உள்ளே போய் முடிந்தது. நிழலின் நுனி தொட்ட இடத்தில் சலவைக்கடைக்காரர் நீலப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். முதல் கொடி அதற்கும் உள்ளே இருந்தது.

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார். "இந்தக் கோட்டைத் தாண்டி நிழல் வராது சம்பந்தி. இது என் வார்த்தை."

மூங்கிலின் உயரத்துக்கு ஒரு விரல்கடை கூடாமல் அறை எழுந்தது. இரண்டு பேரும் மனசார அளந்தார்கள், மனசார நம்பினார்கள். வருஷத்திலேயே சூரியன் மிக உயரத்தில் நிற்கும் நாட்களில் அளந்தோம் என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

[வெயில் எந்தத் திசையிலிருந்து வந்தது, யார் வீடு தெற்கு, யார் வீடு வடக்கு என்று கேட்காதீர்கள். நீங்கள் பூமியின் மேல்பாதியில் இருந்தால் தையல்காரர் வீட்டைத் தெற்கில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் இருந்தால் வடக்கில். மற்றபடி ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை.]

4

கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்துக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மருமகள் மாடியறையில் குடித்தனம் தொடங்கினாள். அப்பாவை ஒரு நாள் மேலே கூப்பிட்டு, தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். சீசன் வேலை முடியட்டும் என்று அவர் தள்ளிப் போட்டார். பக்கத்து வீடுதானே என்று இவளும் விட்டுவிட்டாள். பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் நாம் இப்படித் தள்ளிப் போடுகிறோம்.

பிறகு காற்று மாறியது. நிழல் நீலக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. முதல் கொடியில் ஏறியது. பொழுதும் சுருங்கிப்போயிற்று. காலையில் வெயில் சோம்பல் முறித்து வரவே நேரமாகும், சாயங்காலம் வேலை முடிவதற்குள் கிளம்பிவிடும். முந்தைய குளிர்காலங்களிலும் பொழுது சுருங்கியதுதான். ஆனால் அப்போது மறைக்க எதுவும் இல்லாததால், இருந்த வெயில் முழுசும் அவருக்குக் கிடைத்தது. சூரியன் எவ்வளவு தாழ இறங்குகிறது என்று அண்ணாந்து பார்க்கும் தேவை அவருக்கு வந்ததேயில்லை.

ஒரு விடுதியிலிருந்து துண்டு மூட்டை ஒன்று திரும்பி வந்தது. "ஈர வாடை அடிக்குதுன்னு சொல்லச் சொன்னாங்க," என்றான் கொண்டுவந்தவன். சலவைக்கடைக்காரர் வாழ்க்கையில் அவரைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை அது. துண்டை முகர்ந்து பார்த்தார். வாடை அடிக்கத்தான் செய்தது. நேரே மாடியேறினார்.

"சம்பந்தி! இங்க கொஞ்சம் வாங்க. இது என்ன கோடு?"

தையல்காரர் எட்டிப் பார்த்தார். "நாம போட்ட கோடு."

"நிழல் எங்க நிக்குது?"

நிழல் மூன்றாவது கொடியில் நின்றது.

"நான் ஒரு விரல்கூட ஒசத்திக் கட்டலீங்க."

"அப்ப என்ன, ரூம் தானா வளந்துச்சா?"

தையல்காரருக்குப் பதில் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாமல் விழிப்பவன் முகமும் அகப்பட்டுக்கொண்டவன் முகமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

"கேட்டிருந்தா நானே இன்னும் ரெண்டடி ஒசத்திக்கங்கன்னு சொல்லியிருப்பேன்," என்றார் சலவைக்கடைக்காரர். "வார்த்தை குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே. இந்த நிழல் கோட்டுக்குத் திரும்பிப் போற வரைக்கும் உங்க வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

மருமகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கையில் கரண்டி. அழுகை வந்தது. எந்த அப்பாவுக்காக அழுவது என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து அப்பா மாடிக்கு வந்தால் மகள் முகத்தைப் பார்ப்பதில்லை. கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டினால் தொடலாம். அவர் பாட்டுக்குக் கிளிப்பை மாட்டுவார், கொடியை அவிழ்ப்பார், தள்ளிக் கட்டுவார், அறையை முறைத்துவிட்டுப் போய்விடுவார்.

5

இந்த இடத்தில் எனக்கே தையல்காரர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்லவரா? நல்லவர்களைக் கண்டால் எழுதுகிறவர்களுக்குக் கை அரிக்கும். ஒரு இரவு இப்படி எழுதினேன்:

"கொத்தனார் போன பிறகு தையல்காரர் மேலும் இரண்டு வரிசை செங்கல்லைத் தானே—"

எவ்வளவு வசதியான வாக்கியம்! ஒருவர் ஏமாற்றினார், ஒருவர் ஏமாந்தார். வாசகர் யாரைத் திட்டுவது என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்கப் போவார். காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு பொய்யனை நிற்க வைத்துக் கதை முடிப்பது சுலபம். பொய் சொல்லாத இரண்டு பேர் சண்டை போடும்போதுதான் நாம் முழிக்கிறோம். வாக்கியத்தை அடித்துவிட்டேன். நீங்களும் படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

உண்மையில் தையல்காரர் செய்தது வேறு. அறையின் கூரை மேல் ஏறி, நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார். இறங்கி வந்து அந்த மூங்கிலைத் தேடி எடுத்து அதையும் அளந்தார். மறுபடி ஏறினார். ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா?" என்றாள் மருமகள்.

"அளவு சரியா இருக்கும்மா. நிழல்தான் தப்பா இருக்கு."

6

மருமகளுக்கு விஷயம் பிடிபட்டது அவள் மெத்தையில்.

"அவளுக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர்—" வேண்டாம். இன்னொரு ஆளுக்கு இந்தக் கதையில் உட்கார இடமில்லை.

மாடியறையின் ஜன்னல் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தது. குடிவந்த புதிதில் உச்சி வெயில் ஜன்னல் விளிம்போடு நின்றுவிடும். உள்ளே வரக் கூச்சப்படும் விருந்தாளி மாதிரி. இப்போது அது தரையெல்லாம் நீண்டு, மெத்தையில் ஏறி, எதிர்ச்சுவர் வரைக்கும் போயிற்று. விடுமுறை நாளில் அந்த வெயிலில் கால் நீட்டிப் படுப்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அப்படிப் படுத்திருந்த ஒரு மதியம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அப்பா கொடியில் காணாமல்போன வெயில் தன் மெத்தையைத் தாண்டி எதிர்ச்சுவரில் கிடக்கிறது.

[அழகுக்காக எழுதினேனோ என்று பயந்து கணக்குப் பார்த்தேன். சரிதான். அறை இல்லாவிட்டால் அந்தச் சுவரில் விழும் வெயில் நேரே அப்பாவின் மாடிக்குத்தான் போயிருக்கும்.]

வெயில் இவ்வளவு உள்ளே வர வேண்டுமானால் சூரியன் அவ்வளவு தாழ நிற்க வேண்டும். அறை உயரவில்லை, சூரியன் இறங்கியிருக்கிறது. ஏன் இறங்கியது என்று யோசித்தாள். படித்தது கொஞ்சம் நினைவிருந்தது, கொஞ்சம் மறந்திருந்தது. மாமனாரைத் தேடிக்கொண்டு கீழே ஓடினாள்.

7

தையல் கடையில், துணி வெட்டும் மேசையின் நடுவில் விளக்கை வைத்தாள். அது சூரியன். குண்டூசி குத்திவைக்கும் பஞ்சுப்பந்தை எடுத்து அதன் நடுவில் ஒரு கோணி ஊசியைச் செருகினாள்.

"இது பூமி. இந்த ஊசியைச் சுத்தித்தான் பம்பரம் மாதிரி சுத்துது. ஒரு சுத்து ஒரு நாள். ஆனா நேரா நிக்காது மாமா, இப்படிச் சாஞ்சு நிக்கும்." பந்தின் மேல்பாதியில் ஒரு சிவப்புக் குண்டூசியைக் குத்தினாள். "இது நம்ம ரூம். இப்ப நம்ம பாதி விளக்குப் பக்கம் சாஞ்சிருக்கா? வெளிச்சம் தலைக்கு மேல விழுது. நிழல் குட்டையா இருக்கும். இது கோடை."

பந்தைப் பிடித்தபடி மேசையைச் சுற்றி நடந்தாள். எதிர்ப்பக்கம் போய் நின்று "இப்ப பாருங்க" என்றாள்.

தையல்காரர் பார்த்தார். "இப்பவும் விளக்குப் பக்கந்தான் சாஞ்சிருக்கு. நீ சொல்றபடி பாத்தா வருஷம் பூரா கோடைதானம்மா?"

அவள் கையைப் பார்த்தாள். நடக்க நடக்க மணிக்கட்டு தானாகத் திரும்பி, ஊசி விடாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. மறுபடி நடந்தாள். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை வேண்டுமென்றே அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"பூமி இப்படி ஆடுமா?" என்றார் மாமனார்.

"ஆடாது. அது ஒரே பக்கந்தான் சாஞ்சிருக்கும். அதான் விஷயமே."

"எந்தப் பக்கம்?"

"ஏதோ ஒரு பக்கம். மாறாது."

"அப்ப ஊசி வாசலையே பாக்கட்டும். குடு இங்க."

பந்தை அவர் வாங்கிக்கொண்டார். துணிக்கு நேர்கோடு போட்டுப் பழகிய கை. ஊசியின் நுனி வாசலை விட்டு இம்மி நகராமல் மேசையைச் சுற்றி வந்தார். வாசலுக்கு எதிர்ச்சுவர் ஓரம் நின்றபோது பந்தின் மேல்பாதி விளக்கின் பக்கம் குனிந்தது. கால்வட்டம் வந்தபோது இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வாசல் ஓரம் வந்து நின்றபோது மேல்பாதி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருந்தது. சாய்வு அதேதான், நிற்கிற இடம்தான் வேறு. அங்கே நின்று பந்தைப் பம்பரமாக உருட்டினார். சிவப்புக் குண்டூசி வெளிச்சத்துக்குள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு நெடுநேரம் இருட்டில் கிடந்தது. வெளிச்சம் படும்போதும் பக்கவாட்டில் சரிந்துதான் பட்டது. குண்டூசியின் நிழல் பஞ்சின் மேல் நீளமாகப் படுத்திருந்தது.

"அதான் பொழுதும் சுருங்கிடுது," என்றார் மெதுவாக. "வெயிலும் சாஞ்சு விழுறதால சூடு பத்த மாட்டேங்குது."

"ஆமா மாமா! ரெண்டும் ஒரே சாய்வால வர்றது. நீங்க அளந்தது தப்பே இல்லை."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். நானும்தான். மலரவில்லை.

"தப்புதாம்மா. வளர்ற பிள்ளைக்கு ஒரு நாள் அளவெடுத்து, அந்தச் சட்டையை வருஷம் பூரா போடுன்னு குடுத்திருக்கேன். எந்தத் தையல்காரனாவது பண்ணுவானா?" பந்தை மேசையில் வைத்தார். "நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு ரூமை இறக்கிடுறேன்."

"அவசரப்படாதீங்க. பூமி இந்தப் பக்கம் வந்தா நிழல் தானா போயிடும். அதுக்குள்ள அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

8

அப்பாவின் கடைக்கே போய்ச் சொன்னாள்.

"அப்பா, ரூம் வளரலை. சூரியன்தான் கீழ இறங்கியிருக்கு. பூமி சாஞ்சு சுத்துறதால—"

"ஏம்மா, கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகலை. அதுக்குள்ள மாமனாருக்கு இவ்வளவு வக்காலத்தா? அவரை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு பூமியையே சாய்ச்சிட்டியே."

"விளையாடாதீங்கப்பா."

"குளிர்காலத்துல சூரியன் தள்ளிப் போயிடும், அதனால குளிருது. அது எனக்குத் தெரியாதா? தள்ளிப் போறது எதுக்கு நிழலை நீட்டணும்?"

"தள்ளிப் போனா உலகம் முழுக்க ஒரே நேரத்துல குளிரணும்ல? பூமியோட அந்தப் பாதியில இப்ப கோடைப்பா. அங்க துணியெல்லாம் நல்லா காயுது."

"காயும். அங்க உன் மாமனார் ரூம் கட்டலையே."

இதற்கு என்ன பதில் சொல்வது? நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்பா முட்டாள் இல்லை. அவருக்கு வலித்தது நிழல் அல்ல, வார்த்தை தவறியது. வார்த்தை தவறிய வலிக்குப் பூமியைக் காரணம் சொன்னால், அது மருந்து மாதிரி இல்லை, சாக்கு மாதிரி இருக்கிறது. மருமகள் எழுந்து வந்துவிட்டாள்.

9

பொழுது சுருங்குவது ஒரு நாளோடு நின்றது. பிறகு மெல்ல மெல்ல நீளத் தொடங்கியது. எந்த நாள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பூமி வளைவைத் தாண்டும்போது ஆரன் அடிப்பதில்லை.

நிழல் ஐந்தாவது கொடிவரை வந்துவிட்டுப் பின்வாங்கியது. ஐந்தாவது கொடி தப்பியது, பிறகு நான்காவது. சலவைக்கடைக்காரர் முதலில் நம்பவில்லை. நின்று பார்த்தார். அப்புறம் வழக்கம்போல் முறைக்க நிமிர்ந்தார்.

அறையின் கூரை மேல் தையல்காரர் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் நாடா. (பஞ்சுப்பந்துப் பாடத்துக்குப் பிறகு அவருக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. வாரம் ஒரு தடவை ஏறி, நிழல் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று பார்ப்பார். குழந்தைக்கு எத்தனை பல் முளைத்தது என்று பார்ப்பது போல ஒரு ஆசை.) அப்பாவின் கண்ணுக்குப் பட்டது வேறு: நாடாவோடு ஒரு மனிதர் கூரைச் சுவரில் ஏதோ செய்கிறார், நிழல் குறைகிறது.

அடுத்த வாரமும் அதே காட்சி. நிழல் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

அடுத்த வாரமும்.

ஒரு நாள் அப்பா மாடியில் மருமகளின் முகத்தைப் பார்த்தார். எத்தனை மாதம் கழித்து! "உன் மாமனார் பெரிய மனுஷன்மா," என்றார். ஈர விரிப்பை உதறுவது போல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சமாதானமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அவள் ஏன் என்று கேட்கவில்லை. அங்கே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்க வைத்திருக்க வேண்டும். ஆனால் அப்பா இப்படிப் பேசிவிட்டார் என்று அவள் கண் கலங்கி நிற்கும்போது இடையில் புகுந்து கேள்வி கேட்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

10

நல்ல கோடை வந்தது. நிழல் நீலக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே அப்பா வந்துவிட்டார். சலவைச் சட்டை, தலை வாரி, கையில் ஒரு துணிப்பை. தையல்காரரின் படி ஏறி, மாடிப்படி ஏறி, மகளின் அறைக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தார். மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்ததையே துடைத்தாள்.

அப்பா உட்காரவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். தையல்காரரிடம் திரும்பி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரே நாள்ல இடிச்சா தெரு பேசும்னு, வாரா வாரம் வரிசை வரிசையா செங்கல்லை எடுத்திருக்கீங்க. வெளிய தெரியாம பூசியும் விட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் உங்களை என்னவெல்லாம் பேசினேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை வரிசை எடுத்தீங்க சம்பந்தி?"

தையல்காரர் மருமகளைப் பார்த்தார். ஒரு செங்கல்லும் எடுக்கவில்லை. அறை அன்று எழுந்த உயரத்திலேயே நிற்கிறது.

இதற்கு மேல் நான் எழுதியவற்றைக் காட்டுகிறேன்.

முதல் முடிவு. தையல்காரர் உண்மையைச் சொல்கிறார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க. பூமிதான்." அப்பா கையை விடுகிறார். "அப்ப நான் இத்தனை நாள் உருகினதெல்லாம்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்குகிறார். அவரை இரண்டு படிதான் இறங்கவிட்டேன். தாங்கவில்லை. அடித்துவிட்டு மேலே கூட்டிவந்தேன்.

இரண்டாவது. மருமகள் முந்திக்கொண்டு, "மூணு வரிசைப்பா," என்கிறாள். எல்லாரும் சாப்பிட உட்காருகிறார்கள். நல்ல சாப்பாடு. ஆனால் பூமி சாய்ந்தபடியே சுற்றிப் போகும், குளிர் வரும், நிழல் மறுபடி கோட்டைத் தாண்டும். எடுத்த மூன்று வரிசையை ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப வைத்துவிட்டார் என்று அப்பா நினைப்பார். அந்தச் சண்டைக்குச் சமாதானமே கிடையாது.

மூன்றாவது. பொய்யை மெய்யாக்கத் தையல்காரர் நிஜமாகவே மூன்று வரிசை எடுக்கிறார். லிப்ட்காரப் பிள்ளை தினமும் தலையில் இடித்துக்கொள்கிறான். நிழல் அப்போதும் வரும், கொஞ்சம் குட்டையாக.

நான்காவது. அவள் பஞ்சுப்பந்தை எடுத்துவருகிறாள். அப்பா ஒரு தடவை கேட்க மறுத்தவர்தான். ஆனால் அன்று கோபத்தில் இருந்தார், இன்று கரைந்துபோய் நிற்கிறார். கரைந்த மனசில் உண்மை இறங்கலாம். அல்லது, செய்யாத உதவிக்கு அழுதுவிட்டோமே என்ற கூச்சத்தில் முன்னைவிட இறுகிப்போகலாம். இந்த வாக்கியத்தோடு என் பேனா நின்றுவிட்டது.

வானத்தின் பக்கம் என்ன நடக்கும் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியும். அங்கே ஒன்றும் மாறப்போவதில்லை. இந்த அறைக்குள் என்ன நடக்கும் என்றுதான் தெரியவில்லை. இவர்களோடு இத்தனை நாள் இருந்துவிட்டேன், மூன்று பேரையும் பிடித்துப்போய்விட்டது. யாருக்கு வலிக்கும்படியும் என்னால் எழுத முடியாது. நீங்கள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறீர்கள். உங்கள் கை நடுங்காது.

நான் பார்த்தவரை, தையல்காரருக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. அப்பா இப்போது மகள் பக்கம் திரும்புகிறார். அவர் குரலில் கோபத்தின் சுவடே இல்லை. ஒரு நல்ல செய்தியை முழுசாகக் கேட்க ஆசைப்படும் குரல்.

"அவர் சொல்ல மாட்டார், அவர் குணம் அப்படி. நீ சொல்லும்மா. எத்தனை வரிசை?"

அவள் என்னைத்தான் பார்க்கிறாள். நான் எழுந்து, இந்த நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன். உட்காருங்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார், சொல்லுங்கள்.